இம்மியும் குவெட்டாவும்

1

அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்று மாலை, டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு தெருமுனை மெடிக்கல்ஸுக்குப் போனேன். கடைக்காரர் நெற்றியில் கிடந்த கண்ணாடியை இறக்கி ஒவ்வொரு மருந்தாக எடுத்து வைத்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

"தம்பி, தைராய்டு மாத்திரை அம்மாவுக்குப் புதுசா, முன்னாடியே சாப்பிடுறாங்களா?"

"பத்து வருஷமா சாப்பிடுறாங்கண்ணே. அம்பது."

"அம்பது சரி. அம்பது என்னன்னு எழுதியிருக்காங்க பாருங்க. எம்ஜின்னு போட்டிருக்கு. இது எம்சிஜி. எம்ஜின்னா நான் ஆயிரம் மாத்திரை எடுத்துத் தரணும். நூறு மாத்திரை டப்பாவுல பத்து டப்பா. ஒரே வேளைக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பேனாவை எடுத்து நடுவில் ஒரு 'சி'யைச் செருகினார். நானும் சிரித்தேன். எதுவும் நடக்கவில்லை. அந்த அளவில் மாத்திரையே கிடையாது என்பதால் நடந்திருக்கவும் வாய்ப்பில்லை. ஆனால் எல்லா மருந்துக்கும் அப்படிச் சொல்ல முடியாது. சில மருந்துகள் ஊசியில் வருகின்றன. ஊசிக்குள் ஆயிரம் மடங்கு போனாலும் கண்ணுக்குத் தெரியாது. மைக்ரோவைக் குறிக்கும் 'மியூ' என்ற கிரேக்க எழுத்தைக் கையால் எழுதினால் 'எம்' மாதிரியே இருக்கும் என்பதால்தான், அதை விட்டுவிட்டு எம்சிஜி என்று எழுதும்படி மருந்துப் பாதுகாப்புக்காரர்கள் சொல்கிறார்கள். மின்சாரத்தில் இன்னும் மோசம். சின்ன எம் போட்டால் மில்லிவாட், பெரிய எம் போட்டால் மெகாவாட். ஒரே எழுத்தின் இரண்டு உருவங்களுக்கு நடுவே நூறு கோடி மடங்கு.

எழுத்தை நம்பிப் பிழைக்கிறவன் நான். ஒரு கவிதையில் ஒரு ஒற்று மிகுந்தால் பொருள் மாறும் என்று எத்தனையோ தடவை மேடையில் பேசியிருக்கிறேன். ஒரு எழுத்து விடுபட்டால் ஒரு உயிர் போகலாம் என்கிற மொழி ஒன்று என் கையில் இருந்த காகிதத்திலேயே இருந்தது என்று அன்றுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்து அந்த மொழியின் முழு அகராதியையும் தேடிப் பார்த்தேன். மொத்தமே இருபத்து நான்கு சொற்கள். பன்னிரண்டு மேலே போகின்றன. பன்னிரண்டு கீழே போகின்றன.

இந்தக் கட்டுரை அந்த இருபத்து நான்கு சொற்களை ஒரு பிரதியாக வாசிக்கும் முயற்சி. கூடவே, அதே தூரத்தைச் சொல்லின்றிப் படமாகக் கடக்க முயன்ற ஒரு புத்தகத்தையும் ஒரு குறும்படத்தையும் எடுத்துக்கொள்கிறேன். கேள்வி ஒன்றுதான். நம் கைக்கும் கண்ணுக்கும் எட்டாத அளவுகளுக்குள் போகும்போது மொழி என்ன செய்கிறது? நம்மையும் கூட்டிக்கொண்டு போகிறதா, இல்லை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறதா?

2

பட்டியலை அது வளர்ந்த வரிசையில் படித்தால் ஒரு கதை தெரிகிறது.

1795-இல், புரட்சிக்குப் பிந்தைய பிரான்ஸில், மெட்ரிக் அளவுகளோடு இந்த முன்னொட்டுகளும் சட்டமாகின்றன. பெருக்குவதற்குக் கிரேக்கம், வகுப்பதற்கு லத்தீன் என்று ஒரு எளிய விதி. டெகா, ஹெக்டோ, கிலோ ஒரு பக்கம். டெசி, சென்டி, மில்லி மறுபக்கம். கிலோ என்றாலும் ஆயிரம்தான், மில்லி என்றாலும் ஆயிரம்தான். ஒன்று கிரேக்க ஆயிரம், மற்றது லத்தீன் ஆயிரம். எந்த மொழியில் ஆயிரம் என்று சொல்கிறாய் என்பதை வைத்தே கூட்டுகிறாயா குறைக்கிறாயா என்று தெரிந்துவிடும். ஒரு குழு உட்கார்ந்து யோசித்த விதி என்றாலும் இதில் ஒரு அழகு இருக்கிறது. இந்த ஆறு சொற்களும் வெறும் எண்கள். சந்தையில் துணி அளக்கவும் தானியம் நிறுக்கவும் போதுமானவை.

அடுத்து வருபவை எண்கள் இல்லை, பெயரடைகள். மெகா என்றால் பெரிது, மைக்ரோ என்றால் சிறிது. 1873-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகளின் சங்கம் இவற்றை எடுத்துக்கொள்கிறது. பத்து லட்சம் வந்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டு "யப்பா, எம்மாம் பெருசு" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள் என்று படித்துக்கொள்ளலாம்.

1960-இல் பெயரடையும் போதவில்லை. இப்போது பாத்திரங்கள் வருகிறார்கள். ஜிகா என்பது அரக்கன். டெரா என்பது பூதம். எதிர்ப்பக்கத்தில் நானோ என்ற குள்ளன். புராணத்தில் நாம் பார்த்த ஆட்கள்தான். உலகத்தை மூன்றடியில் அளந்தவன் ஒரு குள்ளனாகத்தானே வந்தான்? சிறிதும் பெரிதும் மனித மனத்தில் எப்போதும் உருவங்களாகத்தான் தங்கியிருக்கின்றன. என் கணக்கில் இந்தப் பட்டியலின் உச்சம் இந்த இடம்தான். விஞ்ஞானம் இங்கே கொஞ்ச நேரம் கதை சொல்கிறது.

அதற்குப் பிறகு ஒரு விபத்து. டெரா என்பது ஆயிரத்தின் நான்காவது அடுக்கு. கிரேக்கத்தில் நான்குக்கு டெட்ரா. பூதம் என்று நினைத்து வைத்த பெயர், நான்கில் ஒரு எழுத்தைத் தட்டிவிட்டது போலவும் இருந்தது. அந்தத் தற்செயலையே விதியாக்கிக்கொண்டார்கள். 1975-இல் ஐந்துக்கான பென்டாவில் ஒரு எழுத்தை உருவி பெட்டா, ஆறுக்கான ஹெக்ஸாவில் ஒரு எழுத்தை உருவி எக்ஸா. கீழே 1964-இலேயே டேனிஷ் மொழியின் பதினைந்தும் பதினெட்டும் ஃபெம்டோ, அட்டோ என்று வந்துவிட்டிருந்தன. 1991-இல் ஏழையும் எட்டையும் திருகி ஜெட்டா, யோட்டா, ஜெப்டோ, யோக்டோ. எட்டுக்கான சொல் 'ஓ'வில் தொடங்குகிறது. அதைக் குறியீடாக வைத்தால் பூஜ்ஜியத்தோடு குழம்பும் என்று முன்னால் ஒரு 'ஒய்'யை ஒட்டினார்கள்.

கடைசியாக 2022 நவம்பர். வெர்சாயில் கூடிய எடை, அளவைகளுக்கான பொது மாநாடு ரோனா, குவெட்டா, ரோண்டோ, குவெக்டோ என்ற நான்கைச் சேர்த்தது. ஒன்பதும் பத்தும் இவற்றுக்குள் எங்கோ மங்கலாக இருப்பதாகச் சொல்கிறார்கள். அடையாளம் தெரியாத அளவுக்குக் கசங்கிவிட்டன. 'ஆர்', 'க்யூ' என்ற இரண்டு எழுத்துகள்தான் வேறு எதற்கும் பயன்படாமல் மீதமிருந்தன, அதனால் அவற்றில் தொடங்குகின்றன. எண், பெயரடை, பாத்திரம், சிதைந்த எண், கடைசியில் வெறும் ஓசை.

இதை ஒரு வீழ்ச்சி என்று சொல்ல எனக்குக் கை பரபரக்கிறது. ஆனால் சொல்ல மாட்டேன். பூமியின் எடை சுமார் ஆறு ரோனாகிராம். ஒரு எலக்ட்ரானின் எடை சுமார் ஒரு ரோண்டோகிராம். இந்த இரண்டு இடங்களிலும் அரக்கனும் இல்லை, குள்ளனும் இல்லை. நாம் கற்பனை செய்யக்கூடிய எந்த உடம்பும் அங்கே செல்லுபடியாகாது. அப்படிப்பட்ட இடத்துக்கு அர்த்தமில்லாத ஒரு ஓசையைப் பெயராக வைப்பதுதான் நேர்மை என்றும் தோன்றுகிறது.

என்னை உறுத்துவது வேறொன்று. இந்தக் கடைசிப் பெரிய சொற்களைக் கேட்டது விண்மீன்கள் அல்ல. வானியல்காரர்கள் ஒளியாண்டிலும் பார்செக்கிலும் நிம்மதியாக இருக்கிறார்கள். உலகம் சேர்த்துவைக்கும் தரவு யோட்டாவைத் தொடப்போகிறது என்பதும், அதற்கு மேலே பிரான்டோபைட், ஹெல்லாபைட் என்று ஆளாளுக்குப் பெயர் வைக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதும்தான் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் பிரவுனை இந்தப் பெயர்களை முன்மொழிய வைத்தது. பேரண்டத்துக்குத் தேவைப்படாத சொல் நம் ஃபார்வர்டு வீடியோக்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

3

இனி படங்களுக்கு வருவோம்.

கீஸ் பூக்கே நெதர்லாந்துக்காரர். குவேக்கர், போரை எதிர்த்ததற்காகச் சிறை சென்றவர். 1926-இல் பில்தோவன் என்ற ஊரில் ஒரு பள்ளி தொடங்கினார். முடிவுகளை ஆசிரியரும் பிள்ளைகளும் சேர்ந்து பேசி எடுக்கும் பள்ளி. அங்கே பிள்ளைகளோடு செய்த வேலையிலிருந்து உருவானது 1957-இல் வந்த 'காஸ்மிக் வியூ' என்ற மெலிந்த புத்தகம். நாற்பது தாவல்களில் பேரண்டம் என்பது அதன் உபதலைப்பு.

முதல் படத்தில் ஒரு சிறுமி பள்ளிக்கூடத்துக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஒரு வெள்ளைப் பூனை. பக்கத்தைத் திருப்பினால் பத்து மடங்கு உயரத்திலிருந்து அதே இடம். இன்னொரு பக்கம், இன்னொரு பத்து மடங்கு. பள்ளி, ஊர், நாடு, பூமி, சூரியக் குடும்பம், விண்மீன் கூட்டங்கள். பிறகு மறுபடியும் அந்தச் சிறுமியிடம் வந்து அவள் கைக்குள்ளே இறங்கி, பத்துப் பத்தாகச் சுருங்கி, அணுக்கருவரை.

1977-இல் இதே யோசனையை சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி ஒன்பது நிமிடப் படமாக்கினார்கள். நாற்காலிகளை வடிவமைத்துப் பேர் வாங்கிய அதே ஈம்ஸ். ஐபிஎம்முக்காக எடுத்த படம் அது. 'பவர்ஸ் ஆஃப் டென்'. சிகாகோவில் ஏரியோரப் பூங்காவில் பிக்னிக் வந்த ஒருவர் போர்வையில் படுத்துத் தூங்குகிறார். பக்கத்தில் ஒரு பெண். கேமரா அவருக்கு நேர் மேலே ஒரு மீட்டரில் தொடங்கி, பத்து நொடிக்கு ஒருமுறை பத்து மடங்கு விலகிப் போகிறது. 10²⁴ மீட்டர் போய் நிற்கிறது. பிறகு கிடுகிடுவென்று திரும்பி வந்து தூங்குகிறவரின் கைத்தோலுக்குள் நுழைந்து, ஒரு கார்பன் அணுவின் கருவுக்குள் 10⁻¹⁶ மீட்டரில் முடிகிறது. இயற்பியலாளர் பிலிப் மாரிசனின் குரல் நிதானமாக அடுக்குகளை எண்ணிக்கொண்டே வருகிறது. இசை எல்மர் பெர்ன்ஸ்டீன்.

இதில் ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. 1977-இல் இருந்த மிகப் பெரிய முன்னொட்டு எக்ஸா, அதாவது 10¹⁸. படம் அதையும் தாண்டி இன்னும் ஆறு பூஜ்ஜியங்கள் வெளியே போகிறது. யோட்டா என்ற சொல் பிறக்க இன்னும் பதினான்கு வருடம் இருக்கிறது. பெயரில்லாத பிரதேசத்துக்குள் கேமரா போயிருக்கிறது, கையில் பூஜ்ஜியங்களின் எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு.

கல்லூரியில் இந்தப் படத்தை முதலில் பார்த்தபோது வாயைப் பிளந்தேன். இப்போது அம்மாவின் கட்டிலருகே லேப்டாப்பில் மறுபடி பார்த்தபோது ஒரு சந்தேகம் வந்தது. படம் ரொம்ப வழுவழுப்பாக இருக்கிறது. ஒரு வெட்டு இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10⁹ மீட்டரைத் தாண்டியதும், அதாவது நிலவின் பாதையைக் கடந்த சற்று நேரத்திலேயே, கேமரா ஒளியை முந்திவிடுகிறது. கடைசிப் பத்து நொடியில் அது போகும் வேகம் ஒளியைப் போல மூன்று கோடி கோடி மடங்கு. நமக்கோ லிஃப்டில் ஏறுகிற உணர்வுதான். ஒவ்வொரு பத்து மடங்குக்கும் அதே பத்து நொடி. ஊரைத் தாண்டவும் பத்து நொடி, பால்வெளியைத் தாண்டவும் பத்து நொடி. அளவைப் பற்றிய படம், அளவு தரவேண்டிய வலியை நமக்குத் தராமல் பார்த்துக்கொள்கிறது.

இதை அவர்களின் குற்றமாகச் சொல்வது அநியாயம்தான். ஒன்பது நிமிடத்தில் வேறு எப்படிக் காட்ட முடியும்? இன்று நம் எல்லோர் கையிலும் அந்தக் கேமரா இருக்கிறது. மேப்பில் இரண்டு விரலை வைத்துக் குவித்தால் தெரு ஊராகிறது, ஊர் நாடாகிறது. ஈம்ஸின் படத்தில் திரையோரத்திலாவது அடுக்கு எண் ஓடும். விரலுக்கு அதுகூட இல்லை. எத்தனை பூஜ்ஜியம் தாண்டினோம் என்று தெரியாமலேயே தாண்டிவிட்டு, நமக்கு ஓலா வந்துவிட்டதா என்று பார்க்கிறோம்.

பூக்கேவின் புத்தகத்தில் இந்த வழுவழுப்பு கிடையாது. ஒவ்வொரு அளவும் ஒரு நின்ற படம். அடுத்ததற்குப் போக நாம்தான் பக்கத்தைத் திருப்ப வேண்டும். திருப்பியதும் முந்தைய படம் முழுவதும் இந்தப் படத்தின் நடுவில் ஒரு சின்னச் சதுரமாகச் சுருங்கிப் போயிருக்கும். சற்று முன்னால் பள்ளிக்கூடம் முழுசாகத் தெரிந்தது, இப்போது அது எங்கே என்று தேட வேண்டியிருக்கும். இழந்தது என்ன என்று தெரிந்துகொண்டுதான் முன்னேற முடியும். தாவல் என்று அவர் வைத்த பெயர் சரியான பெயர். தாவுகிறவனுக்குக் காலடியில் பள்ளம் தெரியும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஈம்ஸின் மனிதர் தூங்குகிறார். பேரண்டம் அவருக்கு மேலே விரிந்து சுருங்கி அவர் கைக்குள் புகுந்து போனது அவருக்குத் தெரியவே தெரியாது. பார்ப்பவர் நாம், பார்க்கப்படுபவர் அவர். பூக்கேவின் சிறுமி விழித்திருக்கிறாள். தன்னைப் போன்ற ஒரு பிள்ளை இந்தப் புத்தகத்தைப் புரட்டும் என்று நினைத்து வரைந்த சிறுமி அவள். சிறைக்குப் போன ஒரு மனிதர், இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகு, குழந்தைகளுக்குப் பேரண்டத்தைக் காட்ட நினைத்ததற்குக் காரணம் இருந்திருக்கும். தான் எவ்வளவு சிறியவன் என்றும், தனக்குள் எவ்வளவு இருக்கிறது என்றும் ஒரே மாலையில் தெரிந்துகொண்ட பிள்ளை பெரியவனாகித் துப்பாக்கியைத் தூக்குவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கும் என்று அவர் நம்பியிருப்பார் என்றே எனக்குப் படுகிறது.

இருந்தாலும் ஈம்ஸிடம் ஒரு இடம் இருக்கிறது, அதற்காகவே படத்தை எத்தனை முறையும் பார்க்கலாம். வெளியே போய்ச் சேர்ந்த இடத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. தூசி மாதிரி சில புள்ளிகள். இந்த வெறுமைதான் சகஜம், நம் அக்கம்பக்கத்தின் செழிப்புதான் விதிவிலக்கு என்கிற அர்த்தத்தில் மாரிசன் அங்கே ஒரு விஷயம் சொல்கிறார். அதன் பிறகு திரும்பும் பயணத்தில், வழியில் எதற்கும் நிற்காமல், அந்தப் பூங்காவும் அந்தக் கையும் வந்து சேரும்போது நமக்குள் ஒன்று தளர்கிறது. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் நம்ம ஸ்டாப் வந்ததும் வருமே, அது.

4

இந்த இடத்தில் "நம்ம முன்னோர்கள் அப்பவே" என்று ஒரு குரல் எழும். வாட்ஸாப்பில் அந்தப் பட்டியல் உங்களுக்கும் வந்திருக்கும். கும்பம், கணிகம், தாமரை, சங்கம், வாரணம், பரதம் என்று வரிசையாகப் பூஜ்ஜியங்களோடு. நானோ டெக்னாலஜியைத் தமிழன் அன்றே கண்டான் என்று முடியும். அந்தப் பெருமிதத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பேசுவோம். பெயர் வைப்பதும் அளப்பதும் ஒன்றில்லை. ஆம்பல் என்ற எண் இருந்ததால் யாரும் ஆம்பல் மீட்டர் போய்ப் பார்த்துவிடவில்லை.

ஆனால் இலக்கிய வாசகனாக அங்கே கவனிக்க வேண்டியது வேறு. பேரெண்களுக்கு நம் மொழியில் பூக்களின் பெயர்கள். தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்திலேயே, குறிப்பிட்ட ஈறுகளில் முடியும் எண்ணுப் பெயர்களுக்குப் புணர்ச்சி விதி இருக்கிறது. உரையாசிரியர்கள் அதற்குத் தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று உதாரணம் தருகிறார்கள். பரிபாடலின் இரண்டாம் பாடல் உலகம் தோன்றி ஒடுங்கும் கால நீட்சியைச் சொல்ல நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று அடுக்குகிறது. கிரேக்கம் பெரிய எண்ணைக் கண்டு அரக்கன் என்றது. இங்கே குளத்தைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு குளம் நிறையப் பூத்த ஆம்பலை எண்ணத் தொடங்கி எண்ண முடியாமல் விட்டவன்தான் அந்த எண்ணுக்கு அப்படிப் பேர் வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது. இது ஆராய்ச்சி இல்லை, ஆசை.

சிறிய பக்கத்தில் ஆசைக்கு இடமில்லை, எல்லாம் கறாரான கணக்கு. காரணம், அங்கே நிலமும் நெல்லும் வரியும் இருந்தன. இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. அதற்கும் கீழே போக வேண்டுமானால் முன்னால் 'கீழ்' என்று ஒரு சொல்லைச் சேர்க்கிறார்கள். கீழ் என்றால் முந்நூற்றிருபதால் வகு. ஆக கீழ்முந்திரி என்பது 1,02,400-இல் ஒன்று. போதவில்லையா, இன்னொரு கீழ். அப்போது 3,27,68,000-இல் ஒன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் நில அளவு இப்படிக் கீழ் மேல் கீழாக இறங்கிப் போகும்.

மில்லி என்பது எப்படி ஒரு முன்னொட்டோ அப்படியே கீழ் என்பதும் முன்னொட்டு. அதுவும் அடுக்கிக்கொள்ளக்கூடிய முன்னொட்டு. நவீன அமைப்பு இந்த அடுக்குதலை அனுமதிப்பதில்லை. ஒரு காலத்தில் மின்னணுக்காரர்கள் மைக்ரோமைக்ரோஃபாரட் என்றெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார்கள். இப்போது அது பிகோஃபாரட். அடுக்குவதைத் தடை செய்ததால்தான் ஒவ்வொரு மூன்று பூஜ்ஜியத்துக்கும் ஒரு புதுச்சொல் தேவைப்பட்டு, எழுத்துகள் தீரும் நிலைக்கு வந்திருக்கிறார்கள். கோயில் கணக்கனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. அவன் கையில் ஒரே சொல். எத்தனை தடவை சொன்னாலும் படி இறங்கிக்கொண்டே இருக்கும்.

கீழ்முந்திரியை இருபத்தொன்றாக வகுத்தால் வருவது இம்மி. அதாவது 21,50,400-இல் ஒன்று. "அவன் இம்மிகூட அசையலை" என்று நாம் பேசும்போது, மைக்ரோவில் ஏறத்தாழப் பாதியைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கணக்கு உதிர்ந்துபோய் உணர்ச்சி மட்டும் நாக்கில் தங்கிவிட்ட சொல். கிலோவுக்கும் இதே கதிதான், தலைகீழாக. "ரெண்டு கிலோ தக்காளி" என்கிறோம். ரெண்டு ஆயிரம் தக்காளி என்றுதான் சொல்லுக்குச் சொல் அர்த்தம். கிராம் கழன்று விழுந்து எத்தனையோ காலமாகிவிட்டது, முன்னொட்டே பொருளாகிவிட்டது. ஒரு சொல்லை மக்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிட வேறு என்ன சான்று வேண்டும்?

கணக்கதிகாரம் மரபில் வரும் நீட்டல் அளவு வாய்பாட்டையும் பூக்கேவின் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். துகள், மயிர்முனை, மணல், கடுகு, எள், நெல், விரல் என்று எட்டெட்டாக ஏறும் வாய்பாடு அது. அவர் பத்துப் பத்தாகத் தாவுகிறார், இது எட்டெட்டாக ஏறுகிறது. இரண்டிலும் வழி ஒன்றுதான். தெரிந்த பொருளிலிருந்து ஒரு படி. அங்கிருந்து இன்னொரு படி.

நம் அறிவியல் எழுத்தில் காணாமல் போனது இந்தப் படிதான் என்பது என் குறை. நானோமீட்டரைப் பற்றித் தமிழில் எந்தக் கட்டுரையை எடுத்தாலும் தலைமுடியின் தடிமனில் எண்பதாயிரத்தில் ஒரு பங்கு, லட்சத்தில் ஒரு பங்கு என்றுதான் தொடங்கும். தகவல் சரி. ஆனால் ஒரு முடியை லட்சமாகக் கிழித்துப் பார்த்தவர் யார்? தெரிந்த பொருளிலிருந்து தெரியாத பொருளுக்கு ஒரே தாண்டு. வாசகன் தலையாட்டிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவான். முடியிலிருந்து ரத்த அணு, அதிலிருந்து பாக்டீரியா, அதிலிருந்து வைரஸ், அதிலிருந்து ஒரு புரத மூலக்கூறு என்று கையைப் பிடித்து இறக்கினால் நாலே வரிதான் அதிகமாகும். இடையில் உள்ள படிகளைத் தின்றுவிட்டு வியப்பை மட்டும் பரிமாறுவது நல்ல எழுத்தாகாது.

5

தெருவில் இந்தச் சொற்கள் எப்படிப் புழங்குகின்றன என்று பார்த்தால் இன்னும் விசேஷம். மெகா சீரியல், மெகா கூட்டணி, மெகா மருத்துவ முகாம். பத்து லட்சம் என்று யாரும் எண்ணிப் பார்த்து வைத்த பெயர் இல்லை. கிரேக்கனின் அந்தப் பழைய "எம்மாம் பெருசு"க்கே மெகா திரும்பிப் போய்விட்டது. நானோ என்றால் நமக்கு ஒரு கார். ஜெப்டோ என்றால் பத்து நிமிடத்தில் கொத்தமல்லி கொண்டுவந்து தருகிற ஆப். 10⁻²¹ என்று சொன்னால் டெலிவரி தம்பி சிரிப்பார்.

இவை விளையாட்டு. மைக்ரோ ஃபைனான்ஸ் விளையாட்டு இல்லை. சிறுகடன் என்று பெயர். யாருக்குச் சிறியது? கொடுக்கிற நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் அது மைக்ரோ. வாரம் தவறாமல் கட்ட வேண்டிய பெண்ணின் வீட்டில் அது மெகா. ஆந்திராவில் 2010-இல் தற்கொலைகளுக்குப் பிறகு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டிய அளவுக்குப் போனது இந்த மைக்ரோ. ஒரு முன்னொட்டு எங்கே நின்றுகொண்டு பேசுகிறது என்று கேட்பது இலக்கிய விமர்சனத்தின் வேலையும்தான் என்று நினைக்கிறேன். ஈம்ஸின் கேமரா உயரப் போனதும் பூங்காவில் இருந்தவர் காணாமல் போகிறார். அங்கே திரும்பி வருவதற்கு ஒரு பயணம் உண்டு. பட்ஜெட் உரையிலும் இழப்பீட்டு அறிவிப்பிலும் திரும்பி வருகிற பயணம் பெரும்பாலும் இருப்பதில்லை.

அதனால் நான் எனக்கென்று ஒரு பழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். பெரிய சொல் எதைக் கேட்டாலும் நொடியாக மாற்றிப் பார்ப்பது. ஒரு மெகா நொடி பதினொன்றரை நாள். ஒரு ஜிகா நொடி கிட்டத்தட்ட முப்பத்திரண்டு வருடம். ஒரு டெரா நொடி சுமார் 31,700 வருடம், எழுத்தே பிறந்திராத காலம். மில்லியன், பில்லியன், டிரில்லியன் என்று செய்தி வாசிப்பவர் ஒரே மூச்சில் சொல்லும்போது, பதினொரு நாளும் முப்பத்திரண்டு வருடமும் எனக்குள் தனித்தனியாக விழுகின்றன. பூக்கேவின் பக்கம் திரும்புவது போல.

நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரையையும் அப்படி அளக்கலாம். இணையத்தில் வழக்கமாகச் சேமிக்கும் முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு. 'கு' என்று எழுதினால் க-வுக்கு மூன்று, உகரக் கொம்புக்கு மூன்று. இத்தனை எழுதியும் மொத்தம் நூறு கிலோபைட்டைத் தாண்டாது. ஒரு ஜிபியில் இதைப் போலப் பத்தாயிரம் கட்டுரை போகும். நம் ரீசார்ஜ் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி தருகிறது. இரவு பன்னிரண்டுக்குள் தீர்ந்துவிடுகிறது.

அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடும் நேரம். மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப இதுல மருந்து எவ்ளோடா இருக்கு?"

"அம்பது மைக்ரோகிராம்மா. ரொம்ப ரொம்பக் கொஞ்சம். தனியா எடுத்துக் குடுத்தா கையில ஒட்டுனதுகூடத் தெரியாது."

"அப்ப இந்த மாத்திரை?"

"மிச்சமெல்லாம் மாவு. பிடிச்சுக்கறதுக்கு."

இதைச் சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது, இந்த இருபத்து நான்கு சொற்களும் அந்த மாவுதான் என்று. விரலில் சிக்காத ஒன்றை எடுத்து விழுங்குகிற மாதிரி உருட்டித் தருகின்றன. மாவு இல்லாமல் மருந்தைக் கொடுக்க முடியாது. மாவையே மருந்து என்று நினைத்துவிட்டால் ஆயிரம் மாத்திரைக் கணக்கு வரும்.

"எனக்கு வயசு என்னடா உன் கணக்குல?" என்றாள்.

அறுபத்து மூன்று முடிந்திருக்கிறது. "ரெண்டு ஜிகா நொடிம்மா."

"அவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டு, மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.